பெயர்ப்பட்டைக்கு அடியில்

அக்டோபரில் கடிதங்கள் வர ஆரம்பித்தன.
கோல்பி ஸ்ட்ராசருக்குப் பதினொன்று,
எனக்கு மூன்று.
அதில் ஒன்று என் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தது.

இருவரும் நூற்று முப்பத்து மூன்று பவுண்டு.
ஓர் எடைக்குப் பள்ளி ஒருவனைத்தான் அனுப்பும்.
நான்கு குளிர்காலம் அவனோடு மல்லுக்கட்டி
முப்பத்தொரு தேர்வில் ஆறில் ஜெயித்தேன்.
மற்ற நாட்களில்
உடற்பயிற்சிக் கூடத்தின் கூரை விளக்குகளை எண்ணினேன்.
பதினான்கு. ஒன்று எரியாது.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ள
மீசையும் இல்லை எனக்கு,
ரப்பர் பாயில் மண்ணும் இல்லை.
பிளீச் வாடை மட்டும் கன்னத்தில் ஒட்டியிருக்கும்.

அவன் தோள் கிழிந்த வருஷம்
பென்சில்வேனியா மாநிலப் போட்டிக்கு நான் போனேன்.
ஐந்தாம் இடம்.
என் மூன்று கடிதங்களும்
அந்தத் தோளிலிருந்து வந்தவை.

முதல் கல்லூரிக்கு ஒரே வேனில் போனோம்.
பயிற்சியாளர் கை குலுக்குமுன் காதைப் பார்த்தார்.
கோல்பியின் காது
பிசைந்து எறிந்த மாவுபோல இருக்கும்,
அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.
கண்ணாடிச் சுவர், நீராவி அறை,
கதவைத் திறந்தால் எரியும் லாக்கர்கள்.
ஒன்றில் என் பெயர்: ஹ்ரின்கோ.
எழுத்துப் பிழை இல்லை.
அப்பா மூன்று படம் எடுத்தார், மூன்றிலும் அவர் விரல்.

எல்லோரும் நீச்சல் குளம் பார்க்கப் போனபோது
பட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன்.
அடியில் இன்னொரு பெயர்.
அதற்கும் அடியில் ஒன்று.
மூன்றாவதில் நகம் உடைந்தது.

"ஒட்டிவிடு, வருகிறார்கள்" என்றான் கோல்பி.
பிறகு, தன் லாக்கரைத் தடவிக்கொண்டே,
"அடியில் எவன் கிடந்தால் என்ன,
மேலே இருப்பது நான்தானே."
அவன் பாயிலும் அப்படித்தான்.
தப்பாகச் சொல்லவில்லை,
அதனால்தான் அவனுக்குப் பதினொன்று.

இரண்டாவது கல்லூரி, நிலவறை.
பக்கத்தில் கொதிகலன் இருமிக்கொண்டிருந்தது.
முழங்காலில் இரும்புப் பட்டை மாட்டிய ஒருவன்
பாய் துடைத்துக்கொண்டிருந்தான். மார்லோ டீஸ்.
எப்போதிருந்து என்றேன்.
"ரெண்டாவது வருஷம்" என்றவன்
இன்னொரு துடைப்பத்தை நீட்டினான்:
"அந்த மூலை உனக்கு."
லாக்கர் இல்லை. சுவரில் ஆணிகள்.
எது என்னுடையது?
"எதில் சட்டை இல்லையோ, அது."

இரவு அப்பா மின்கட்டண ரசீதின் பின்னால் கணக்குப் போட்டார்.
அங்கே கால் பங்கு கட்டணமும் புத்தகமும் இலவசம்,
இங்கே வங்கிக் கடன் படிவம், பன்னிரண்டு பக்கம்.
பென்சிலை வைத்துவிட்டு
"ஆணியா?" என்றார் மறுபடியும்.
ஆமாம் என்றேன்.
காரணம் கேட்டால் சொல்லியிருக்க முடியாது.
துடைத்த மூலையைத் திரும்பிப் பார்த்தபோது
அது கொஞ்சம் பளபளத்தது, அவ்வளவுதான்.
அவர் கேட்கவில்லை.
முதல் பக்கத்தில் என் பெயரை எழுதினார்,
பெரிய எழுத்தில், அழுத்தி.

மார்ச். பருவம் முடிந்து
நானும் கோல்பியும் கடைசியாகப் பாய் சுருட்டினோம்.
ஜனவரியில் அவன் கல்லூரி எங்கள் நிலவறைக்கு வருகிறதாம்,
அட்டவணையை இருவருமே பார்த்திருந்தோம்,
இருவருமே சொல்லவில்லை.
வாயில் பீட்சாவோடு அவன் தராசில் ஏறினான்.
"நீயும் ஏறு."
ஒரு காலுக்குத்தான் இடம் இருந்தது,
அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்,
அவன் என் கழுத்தை.
முள் சுற்றிப் போய்
இருநூற்று எண்பத்தொன்றில் நின்றது.

"எடை மீறல்" என்றான் கோல்பி.
இறங்க அவசரப்படவில்லை,
இரண்டு பேரும்.